மைமூன் லாத்தா வைக்காத தீ

உங்களில் பலருக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. சரளமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். கேட்டதை உடனே வேறு மொழியில் சொல்லும் நம் தொழிலே காதால் நடப்பதுதானே.

நான் டச்சு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன் என்று சொன்னால் ஏதோ பெரிய இலக்கிய வேலை என்று நினைக்கிறார்கள். கணவருக்குக் கப்பல் கம்பெனியில் வேலை. அதனால் ராட்டர்டாமில் சில வருடங்கள் இருந்தோம். அங்கே காய்கறிக் கடையிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலிலும் என் காதில் ஒட்டிக்கொண்ட மொழி அது. மாட்டுங்காவுக்குத் திரும்பி வந்த பிறகு அதுவே எனக்குப் பிழைப்பாகிவிட்டது. பால் பண்ணை இயந்திரம், துறைமுகத்தில் மண் வாரும் கப்பல், பூக்கிழங்கு இறக்குமதி, இவற்றைப் பற்றி இரண்டு பக்கமும் கோட்டு போட்டவர்கள் பேசுவார்கள். நான் நடுவில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொல்வேன். அந்தப் பேச்சில் யாரும் அழுததில்லை, சிரித்ததும் இல்லை.

ஓய்வு பெறப்போகும் சமயத்தில் ஒரு போன் வந்தது. "நெதர்லாந்திலிருந்து ஒரு நாவலாசிரியை வர்றாங்க, கவிஞரும்கூட. மாட்டுங்கால ஒரு வாசிப்புக் கூட்டம். உங்களால முடியுமா?" நான் கிங்ஸ் சர்க்கிளில் நடுரோட்டிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த டாக்ஸிக்காரர் இந்தியில் என் குடும்பத்தையே விசாரித்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "முடியும், முடியும்" என்று போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

அவர் பெயர் மரைக்கே. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா கால்வாய் மதகைத் திறந்து மூடும் வேலை பார்த்தார். மகள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நகரத்துக்கு ஓடி, தபால் பிரிக்கும் வேலையில் சேர்ந்து, கடித உறைகளில் பார்த்த தெருப்பெயர்களை வைத்துக் கவிதை எழுதத் தொடங்கினார். முதல் தொகுப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு தோல் பை விற்கும் ஒரு கடையில் வேலை. பிறகுதான் அந்த நாவல். அது அவர் நாட்டின் பெரிய பரிசு ஒன்றை வாங்கியது, பள்ளிக்கூடங்களில் பாடமானது, ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் போனது. அதற்குப் பின் அவர் நாவலே எழுதவில்லை. கவிதை மட்டும்தான். அந்தக் கவிதைகளும் வர வரச் சின்னதாகிக்கொண்டே போயின. கடைசித் தொகுப்பில் மூன்று வரிக்கு மேல் ஒன்றுகூட இல்லை.

வேலைக்குப் போகும் முன் எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். அந்த நாவல் என்னைத் தூங்கவிடவில்லை. நம் ஊர் போன்ற ஒரு நகரம். அங்கே தோல் பட்டறை நடத்தும் ஒரு விதவை. கொழுந்தன் பட்டறையைப் பிடுங்கப் பார்க்கிறான். இவன் கையில் போவதைவிட எரிந்து போகட்டும் என்று அவளே தன் பட்டறைக்குத் தீ வைத்துவிட்டுக் கப்பலேறிப் போய்விடுகிறாள். கதை முழுக்க "நான்", "நான்" என்று அவளே சொல்கிறாள். எவ்வளவு பெரிய கற்பனை என்று வியந்தேன்.

அவர் வந்திறங்கிய மறுநாள் காலை, தங்கியிருந்த செம்பூர் விடுதிக்குப் போனேன். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம், நரைத்த கிராப்பு, அகலமான செருப்பு. டாக்ஸியில் ஏறியதும், "நாவலில் வருகிறவள் நிஜமாக இருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் தாராவி போகிறோம்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "நிஜமாகவா? இப்போதும் இருக்கிறாளா?"

"என் கடைக்காகப் பைகளைப் பரிசோதிக்க அந்தப் பட்டறைக்கு வந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. தோல், நூல், சாப்பிடு, இந்த மூன்று தமிழ்ச் சொல்தான் எனக்கு."

"அந்தத் தீ?"

"தீ நிஜம்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைத்தது யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் டாக்ஸி நின்றுவிட்டது.

மைமூன் லாத்தாவை அந்தச் சந்தில் அறியாதவர் இல்லை. லாத்தா என்றால் அக்கா. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், எழுபதைத் தாண்டியவர். மகன் ரஹீம் இப்போது கார்கானாவைப் பார்த்துக்கொள்கிறார். பட்டறையை அங்கே எல்லாரும் கார்கானா என்றுதான் சொல்வார்கள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் லாத்தா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் போட்டாரே ஒரு சத்தம்!

"அடியே மரைக்கா! நீயாட்டி?"

இருவரும் கட்டிக்கொண்டதில் லாத்தாவின் முக்காடு மரைக்கேயின் இடுப்பில் மாட்டிக்கொண்டது. பக்கத்துக் கார்கானாக்களில் மெஷின் நின்றது. ஒரு நொடியில் சந்தே உள்ளே வந்துவிட்டது. "அப்பல்லாம் இவ பேரைக் கேட்டுட்டு, மரைக்காயர் வீட்டுப் பிள்ள போலிருக்கு, வெயில் படாம வளத்துருக்காவன்னு எங்க மாமியா சொல்லுவாவ" என்று லாத்தா சொல்ல, நான் அதை டச்சில் சொல்ல, மரைக்கே கண்ணில் நீர் வரச் சிரித்தார். டீ வந்தது. ரஹீம் போனைத் தூக்கிப் பிடித்து லைவ் போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் போன்கள் மேலே எழுந்தன. எதிர்க்கடை வாசலில் ஒரு வயதானவர் மட்டும் உள்ளே வராமல், பெல்ட்டுக்கு வார் அறுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

டச்சுக்காரர்களுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. மரைக்கே டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மைமூன், நான் ஒரு நாவல் எழுதினேன். அது உன்னைப் பற்றியது. அதில் கார்கானாவுக்குத் தீ வைத்தது நீதான்."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். பேசியவர் பேசிவிட்டார், கேட்பவர் காத்திருக்கிறார். சொன்னதை அப்படியே சொல்வதுதான் நம் வேலை. அப்படியே சொன்னால் அது பத்துப் போன் வழியாக அந்த நிமிடமே தாராவி முழுக்கப் போய்விடும். மழுப்பி, "உங்களைப் பத்தி ஒரு கதை எழுதினாங்களாம்" என்றால் கைதட்டுவார்கள், இனிப்பு வரும். அதன் பிறகு அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் என் பொய் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

"இவங்க ஒண்ணு சொன்னாங்க" என்றேன் தமிழில். "அதை நான் இன்னும் சொல்லலை. லாத்தா தனியா முதல்ல கேட்க வேண்டிய விஷயம். போனையெல்லாம் தயவுசெய்து கீழே இறக்குங்க."

உடனே மரைக்கே பக்கம் திரும்பி, நான் செய்ததை டச்சில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "அது உங்கள் வேலை இல்லை."

"இல்லைதான். ஆனால் இந்தப் போன்களை நீங்கள் கவனிக்கவில்லை."

ரஹீம் முன்னால் வந்தார். "மேடம், எங்க உம்மாவுக்கும் அவங்களுக்கும் நடுவுல நீங்க யாரு? எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க."

நியாயமான கேள்வி. "நான் யாருமில்லப்பா. அதான் நானா எதையும் மறைக்கவும் முடியாது, நானா போட்டு உடைக்கவும் முடியாது. உங்க உம்மா சொல்லட்டும். இங்கயேன்னா இங்கயே சொல்றேன்."

லாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரஹீமே, போனை அணை. எல்லாரும் அவுகவுக சோலியப் பாருங்க. ஏம்மா, ரெண்டு பேரும் மேல வாங்க" என்றார்.

ஏணி ஏறி மேல்தளத்துக்குப் போனோம். தோல் கட்டுகளுக்கு நடுவில் மூன்று பேருக்கும் உட்கார இடம் இருந்தது. ஏணிக்குக் கீழே ரஹீம் நிற்பது தெரிந்தது. ஒரு சொல்கூட மாற்றாமல் சொன்னேன்.

"திருப்பிச் சொல்லு" என்றார் லாத்தா. திருப்பிச் சொன்னேன்.

"அந்த ஊர்ல எல்லாரும் வாசிச்சிருக்காவளா?"

"பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வாசிச்சிருக்காங்க லாத்தா."

அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். தீப்பிடித்த அன்று கார்கானா மட்டும் எரியவில்லை, எதிர்க்கடை சுடலைமுத்து அண்ணாச்சியின் கடையும் சேர்ந்து எரிந்தது. வாசலில் வார் அறுத்துக்கொண்டிருந்தாரே, அவர்தான். நிஜத்திலும் பட்டறையைக் கேட்டு நச்சரித்த கொழுந்தனிடமிருந்து தப்பிக்க மைமூனே தீ வைத்துவிட்டாள் என்று சந்தில் பேச்சு கிளம்பியது. போலீஸ் வந்து பார்த்துவிட்டு கரண்டு வயரில் கோளாறு என்று சொல்லிப் போனது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. அண்ணாச்சி அன்றைக்கு லாத்தாவிடம் பேசுவதை நிறுத்தியவர்தான்.

நான் சொல்லச் சொல்ல மரைக்கேயின் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. தீப்பிடித்த வாரமே அவர் ஊர் திரும்பிவிட்டார். அந்தப் பேச்சு எதுவும் அவர் காதுக்கு எட்டியதில்லை. "நான் அதை வீரம் என்று நினைத்து எழுதினேன்" என்றார். "பிறகு ஒருநாள் தோன்றியது, நான் அவளிடம் கேட்கவே இல்லையே என்று. அதிலிருந்து நாவல் எழுதப் பயம். பெரிதாக எழுதினால் யாரையாவது இழுத்து உள்ளே போட்டுவிடுவேனோ என்று. இப்போது இது இங்கிலீஷில் வரப்போகிறது. உன் வீட்டிலேயே யாராவது வாசிக்கலாம். அதற்கு முன் நானே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வந்தேன்."

லாத்தா அதைக் கேட்டுவிட்டு என்னிடம், "அந்த இடத்தை வாசிச்சுக் காட்டு, முழுசா" என்றார்.

மரைக்கே பையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தந்தார். டச்சுப் பக்கத்தைக் கண்ணால் பார்த்தபடியே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். நான் கதவைத் தாழிட்டேன், நான் தோல் கட்டுகளை ஒரு மூலைக்கு இழுத்தேன், நான் தீக்குச்சியைக் கிழித்தேன். முதலில் கல் மாதிரி உட்கார்ந்திருந்த லாத்தா, கொஞ்ச நேரத்தில் முன்னால் சாய்ந்தார். கொழுந்தன் வருகிற இடத்தில் "நாசமாப் போறவன்" என்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தினால், "அப்புறம்?" என்று முழங்கையால் இடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மதியம் போல ஒரு மொழிபெயர்ப்பு நான் செய்ததே இல்லை. வாக்கியங்கள் தானாக ஓடி வந்தன.

முடிந்ததும் லாத்தா கேட்டார். "அவ எங்க போனா?"

"கப்பலேறிப் போய்ட்டா."

"நான் எங்கயும் போவலையே. கொளுத்தவும் இல்ல, கப்பல் ஏறவும் இல்ல. இந்தச் சந்துலயே கெடந்து அத்தன பேச்சையும் கேட்டேன்லா."

இதை டச்சில் சொன்னபோது மரைக்கே தலையைக் குனிந்துகொண்டார். "நீ சொன்னால் இங்கிலீஷ் புத்தகத்தை நிறுத்திவிடுகிறேன்."

லாத்தா என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். "நாளைக்கு மாட்டுங்கால என்னமோ கூட்டம்னாளே. அங்க வாசிக்கப் போறாளா?"

"ஆமா. கவிதை வாசிக்கப் போறாங்க."

"இதை வாசிக்கச் சொல்லு. நான் வாரேன்."

கீழேயிருந்து ரஹீம் கத்தினார். "உம்மா! மானம் போயிரும்!"

"இத்தன வருசமா முதுகுக்குப் பின்னால பேசுனாவ. மூஞ்சிக்கு நேரா ஒருத்தரும் கேக்கல. இவதான் வந்து நேரா சொல்லிருக்கா. நான் பதில் சொல்லாண்டாமா?"

மறுநாள் சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பட்டுப்புடவை கட்டிய எங்கள் மாட்டுங்கா மாமிகள், நடுவில் கல்லூரிப் பிள்ளைகள், பின்னால் பஸ் பிடித்து வந்த தாராவிச் சந்து. லாத்தா முதல் வரிசை ஓரத்தில், புது முக்காடு. கடைசி வரிசையில் சுடலைமுத்து அண்ணாச்சி.

மரைக்கே ஒரு பத்தி வாசிப்பார், நான் தமிழில் சொல்வேன். நம் தொழிலில் பேசுகிறவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். லாத்தாவின் கண்ணுக்கு முன்னாலேயே, "நான் தீக்குச்சியைக் கிழித்தேன்" என்று மைக்கில் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப நாங்க சொன்னது சரிதானய்யா!"

அண்ணாச்சிதான். மண்டபம் சலசலத்தது. ரஹீம் எழுந்து பின்பக்கம் திரும்பினார். அதற்குள் லாத்தா மேடை ஏறி மைக்கைப் பிடித்துவிட்டார். நான் மரைக்கேயின் காதோரம் குனிந்துகொண்டேன்.

"நான்தான் மைமூன். கதையில வாறவ நான் இல்ல. ஆனா இந்தப் பொம்பளைக்கு ஒண்ணு எப்படியோ தெரிஞ்சிருக்கு. எம் புருசன் மவுத்தான பொறவு, கொழுந்தன் தெனமும் வந்து சாவியக் கேட்டான். ஒருநா அந்தி நேரம், கார்கானால நான் மட்டும் இருந்தேன். எல்லாம் எரிஞ்சு போவட்டும்னு நெனச்சேன். தீப்பெட்டிய கையில எடுத்தேன். அப்புறம் வச்சுட்டேன்."

மண்டபமே மூச்சை இழுத்தது. "வச்சுட்டியா!" என்று அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

வச்சுட்டேன். எதை? தீயையா, தீப்பெட்டியையா? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். டச்சில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். மரைக்கே என் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினார். "என்ன சொன்னாள்? என்ன சொன்னாள்?" அரை வாக்கியம் என் நாக்கு நுனியில் நின்றது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் உங்களுக்கு நான் சொல்ல விரும்பியது இது ஒன்றுதான். தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். மண்டபம் முழுக்க உங்களைப் பார்த்தாலும், மணிக்கட்டு வலித்தாலும், அடுத்த வாக்கியம் வரும் வரை காத்திருங்கள்.

லாத்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "தீப்பெட்டியய்யா! தீப்பெட்டியத் திரும்ப அடுப்பு மேல வச்சுட்டேன்னேன்! வயித்துப் பிள்ளைய நெனச்சு வச்சுட்டேன். ரெண்டு நா கழிச்சு அந்த வயரு தானா எரிஞ்சுது. நான் நெனச்சத அல்லா கேட்டுட்டானோன்னு பயம். அதான் எவ என்ன சொன்னாலும் வாயத் தொறக்கல. இன்னைக்குத் தொறந்துட்டேன். இந்தா நிக்கேன். கேக்கறவுக கேளுங்க."

இப்போதுதான் டச்சில் சொன்னேன். "நினைத்தேன்" என்று மட்டும்தான் சொன்னேன். "திட்டமிட்டேன்" என்று சொல்லவில்லை. சொல்லும்போது என் குரல் எங்கோ மேலே போய்விட்டது. மரைக்கே புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி லாத்தாவையே பார்த்தார்.

இங்கிலீஷ் புத்தகம் பிறகு வந்தது. லாத்தா நிறுத்தச் சொல்லவில்லை. அவர் மேடையில் பேசியது, அவர் பெயரோடு, கடைசிப் பக்கமாக இருக்கிறது. மரைக்கே மறுபடியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் எனக்கு அந்த மண்டபத்தை விட்டு வர மனமில்லை.

அண்ணாச்சி நடுவழியாக நடந்து வந்து மேடைக்குக் கீழே நின்றார். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் லாத்தாவை அண்ணாந்து பார்த்து, "இதை அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

"நெனச்சேன்னு சொல்லியிருந்தா நீரு சும்மா விட்டிருப்பீரா அண்ணாச்சி?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

"அதான் சொல்லல."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அண்ணாச்சி சிரித்தார், ரஹீம் சிரித்தார், பட்டுப்புடவை மாமிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மரைக்கேயின் காதில் சொல்லி முடிக்கும்போது சத்தம் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் அவர் ஒருவர் மட்டும் தலையைப் பின்னால் சாய்த்துச் சத்தமாகச் சிரித்தார். அதைப் பார்த்து எல்லாரும் இன்னொரு முறை சிரித்தார்கள்.

அந்த இரண்டு சிரிப்புக்கும் நடுவில் இருந்த சில நொடிகள் என்னுடையவை.